41 கட்டமும் ஒரு கட்டைவிரலும்

"ஏனுங்க அம்மிணி, இதென்ன எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது?"

2014ஆம் வருடம் எங்கள் குடோன் அண்ணன் டேப்லெட்டைக் கண்ணுக்கு எட்டப் பிடித்துக்கொண்டு கேட்டது இது. திரையில் இருந்தது நான் பத்து வருடமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய துணி வரவுப் படிவம். டி.சி. (டெலிவரி சலான்) எண், பார்ட்டி பெயர், லாட் எண், கலர், டயா (துணியின் விட்டம்), ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), அனுப்பிய ரோல், வந்த ரோல், வண்டி எண் என்று மொத்தம் 41 கட்டங்கள். மாடியில் என் மானிட்டரில் அது தேர் மாதிரி நிற்கும். அவர் கையில் எறும்புப் புற்றாகிவிட்டது.

மரியாதைக்காக இரண்டு நாள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் டேப்லெட் மேஜை டிராயருக்குள் போனது. அவர் பழையபடி டி.சி. புத்தகத்தின் பின்னட்டையில் எடைகளை எழுதி, சாயங்காலம் குடோன் தம்பியிடம் கொடுத்து மாடிக்கு அனுப்பினார். நானும் பழையபடி உட்கார்ந்து டைப் அடித்தேன்.

திருப்பூர்க்காரர்களுக்கு எங்கள் வேலையை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நூல் வாங்குவோம், நிட்டிங்குக்கு அனுப்புவோம். சாயம் ஏறாத கிரே துணியாகத் திரும்பி வரும். அதை டையிங்குக்கு அனுப்புவோம், அப்புறம் பின்னால் சுருங்காமல் இருக்க அழுத்தி எடுக்கும் காம்பாக்டிங். ஒவ்வொரு முறையும் டெலிவரி சலான் போட்டு எடை எழுதி அனுப்ப வேண்டும், திரும்பி வரும்போது எடை போட்டு எடுக்க வேண்டும். துணி எங்கள் குடோனில் கிடக்கும் நேரத்தைவிட அடுத்தவர் ஆலையில் கிடக்கும் நேரம்தான் அதிகம். எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது, நடுவில் எவ்வளவு குறைந்தது என்பதுதான் ஃபேப்ரிக் டிபார்ட்மென்டின் முழு ஜாதகம்.

அந்தக் கணக்கை நான் மைக்ரோசாஃப்டின் ஆக்செஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் கட்டியது 2004இல். ஷேர் செய்த ஃபோல்டரில் ஒரே ஒரு எம்டிபி கோப்பு. முதலில் இரண்டு கம்ப்யூட்டர், பிறகு ஐந்து. யாராவது சுத்தம் செய்யும்போது நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டால் கோப்பு கெட்டுப்போகும். 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' பொத்தானை விளக்கேற்றுவது போலத் தினமும் சாயங்காலம் தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். கோப்பு 2 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பதும் ஒரு கவலை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் படித்த ஒருத்தி, யாரையும் கேட்காமல் ஒரு கம்பெனியின் துணிக் கணக்கைக் கட்ட முடிந்தது ஆக்செஸால்தான். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

ஆக்செஸ் தன் படிவங்களை வெப்பில் ஏற்றப் பல முறை முயன்றிருக்கிறது. 2000 பதிப்பில் 'டேட்டா ஆக்செஸ் பேஜ்' என்று ஒன்று வந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் திறக்கும். 2007 பதிப்பில் புதிதாக அதைச் செய்ய வழியில்லாமல் போனது. பிறகு மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயின்ட் தளம் வழியாக ஒன்று. கடைசியாக 2013 பதிப்போடு வந்தது 'வெப் ஆப்'. பிரவுசர் இருந்தால் போதும், தரவு அடியில் எஸ்க்யூஎல் சர்வரில் போய் உட்காரும். நாங்கள் பிடித்தது இதைத்தான். நான் விபிஏ மொழியில் எழுதிய நிரல் ஒன்றும் அதில் ஓடாது, எல்லாவற்றையும் மேக்ரோவாக (ஆக்செஸிலேயே தேர்ந்தெடுத்து அடுக்கும் கட்டளைகளாக) மாற்றி எழுத வேண்டியிருந்தது. ஆனாலும் முதலாளி சென்னையில் பையர் முன்னால் உட்கார்ந்துகொண்டே ஸ்டாக் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை.

2017 மார்ச்சில் வெப் ஆப் நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வந்தது. 2018 ஏப்ரலோடு முடிந்தது. ஒரு வருடம் முன்னாலேயே சொன்னார்கள், ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். நடுவில் ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. ஒரே வருடத்தில் வரியும் மாறியது, வெப் ஆப் என்ற வாடகை வீடும் காலியானது. அவ்வளவுதான்.

வேறு வழி தேடத் தொடங்கியபோது தங்கை மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டு சும்மா இருந்தான். "பெரியம்மா, உங்க ஃபார்மை அப்படியே வெப்ல கொண்டுவந்துடலாம். ஒரு மாசம் போதும்" என்றான். 'அப்படியே' என்ற சொல்தான் எனக்கு உதைத்தது. அப்படியே கொண்டுபோனதால்தானே டேப்லெட் டிராயருக்குள் போனது?

அதனால் அவனைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் குடோனில் போய் நின்றேன். பதினான்கு வருடம் அந்தக் கம்பெனியில் இருந்தும், டெம்போ வந்து இறங்குவதை முழுசாக நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

வண்டி வரும். டிரைவர் டி.சி.யை நீட்டுவார், அவருக்கு அடுத்த டிரிப்புக்கு நேரமாகியிருக்கும். தம்பி ஒரு ரோலைத் தோளில் போட்டு வந்து எடை மெஷினில் வைப்பான். அண்ணன் எடையைப் பார்ப்பார், மார்க்கரால் ரோலின் பாலிதீன் மேல் எழுதுவார், அட்டையிலும் எழுதுவார். அதற்குள் அடுத்த ரோல் வந்துவிடும். ஒரு கையில் மார்க்கர். இன்னொரு கை ரோல் உருளாமல் பிடித்திருக்கும். இந்த மனிதனிடம்தான் நான் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய பலகையைக் கொடுத்து, 41 கட்டத்தை நிரப்பச் சொல்லியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் 41 கட்டத்தையும் ஒரு தாளில் எழுதி, அண்ணனுக்கு மட்டுமே தெரிந்தது எது என்று வட்டம் போட்டோம். டி.சி. எண், ரோல் எண், எடை. மூன்றே வட்டம். கலர், டயா, ஜி.எஸ்.எம்., பார்ட்டி எல்லாம் துணியை வெளியே அனுப்பும்போதே நாங்கள் மாடியில் அடித்தவை. அதை அவரிடம் மறுபடியும் கேட்பது எங்கள் சோம்பேறித்தனம்.

ஆகவே இப்படி முடிவு செய்தோம். மாடியில் எனக்குப் பழகிய ஆக்செஸ் படிவமே இருக்கும், 41 கட்டத்தோடு. கீழே போனில் மூன்று கட்டம் உள்ள தனிப் பக்கம். இரண்டுக்கும் அடியில் வாடகை சர்வரில் ஒரே மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். ஆக்செஸ் ஓடிபிசி என்ற இணைப்பு வழியாக அந்த அட்டவணைகளைத் தன்னுடையது போலவே இணைத்துக்கொள்ளும். ஆபீஸ் டேட்டாபேஸை போனுக்குக் கொண்டுபோக வழி கேட்டு எனக்கு எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். அட்டவணையைப் பகிருங்கள், படிவத்தைப் பகிராதீர்கள்.

மூன்று கட்டம்தானே, ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தோம். நாலு மாதம் இழுத்தது.

முதல் நாள் பக்கம் போனில் மறுபடியும் எறும்பாகத்தான் வந்தது. பக்கத்தின் தலையில் வியூபோர்ட் என்ற ஒரு வரி இல்லாவிட்டால், போன் பிரவுசர் அதைப் பழைய கம்ப்யூட்டர் பக்கம் என்று நினைத்து 980 பிக்சல் அகலத்துக்கு விரித்து, பிறகு சுருக்கிக் காட்டும். 2014இல் அண்ணன் பார்த்த எறும்புக்கும் இந்த ஒரு வரிக்கும் சம்பந்தம் உண்டா என்று இப்போது யோசித்துப் பயனில்லை. அந்த வரியைச் சேர்த்தபின், மேனேஜர் சாரின் ஐபோனில் மட்டும் கட்டத்தைத் தொட்டதும் பக்கம் குபீரென்று பெரிதாகி ஓரம் வெட்டியது. கட்டத்தின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் தானாகவே பெரிதாக்கிக் காட்டும். எழுத்தைப் பெரிதாக்கினோம், நின்றது.

எடைக் கட்டத்துக்கு எண் விசைப்பலகை வர வேண்டும் என்று தங்கை மகன் 'நம்பர்' வகை கொடுத்தான். 21 என்று அடித்தால் ஏற்றது. 21.450 என்றால் தப்பு என்றது. முழு எண்ணாக ஏறும் என்பதுதான் அந்த வகையின் இயல்பு, தசமம் வேண்டுமானால் தனியாகச் சொல்ல வேண்டும். பிறகு ஐபோனில் வந்த விசைப்பலகையில் புள்ளியே இல்லை, அதற்கு வேறொரு சொல். இதையெல்லாம் எந்தப் பாடத்திலும் சேர்த்துச் சொல்லித் தரவில்லை என்று அவன் அலுத்துக்கொண்டான். எடை மெஷின் பக்கத்தில் நின்றால்தான் தெரியும் தம்பி என்றேன்.

பெரிய சிரிப்பு பார்ட்டி பெயரில் வந்தது. டி.சி. எண்ணை அடித்ததும் பார்ட்டி பெயர் தமிழில் வந்து நிற்க வேண்டும், அண்ணன் சரிபார்க்க. வந்து நின்றது ஆங்கில எழுத்துக் குப்பை. என் மானிட்டரில் அதே பெயர் அழகான தமிழ். விஷயம் என்னவென்றால் 2004இல் நான் அடித்தது பாமினி எழுத்துருவில். பாமினியில் தமிழ் என்று அடித்தால் உள்ளே உட்காருவது ஜே, கே, பி, ஓ, கூட ஓர் அரைப்புள்ளி. அதற்குத் தமிழ் முகமூடி போடுவது கம்ப்யூட்டரில் இருக்கும் எழுத்துரு. போனில் அந்த முகமூடி இல்லை. பதினான்கு வருடம் நான் தமிழில் வைத்திருந்ததாக நினைத்த பெயர்கள் ஒன்றுகூடத் தமிழில் இல்லை.

யூனிகோடுக்கு மாற்றினோம். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் சரியாகாது. பாமினியில் 'கொ' மூன்று துண்டு. கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால். கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிப்பது அது. யூனிகோடில் மெய் முதலில் வரும், உயிர்க்குறி பின்னால். அதனால் நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றி, சின்னதைக் கடைசியில் மாற்ற வேண்டும். அதைக்கூடச் சமாளித்தோம். ஆனால் 2009க்குப் பிறகு நாங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் அடிக்கத் தொடங்கியிருந்தோம். பழையது பாமினி, புதியது நிஜ ஆங்கிலம், இரண்டும் ஒரே நெடுவரிசையில், அடையாளம் எதுவுமில்லாமல். மாற்றி ஓட்டியதும் ஆங்கிலப் பெயர்களெல்லாம் வாயில் நுழையாத தமிழாகிப் பல்லிளித்தன. நல்லவேளை, நகல் எடுத்து வைத்திருந்தேன். கடைசியில் பார்ட்டி பட்டியலை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கையாலேயே பிரித்தேன்.

அடுத்தது சிக்னல். குடோனில் துணி அடுக்கு கூரை வரைக்கும் நிற்கும். அதன் பின்னால் போனால் போனில் ஒரு கோடுகூட வராது. அண்ணன் எடையை அடித்து 'சேமி'யைத் தொடுவார், ஒன்றும் நடக்காது, மறுபடியும் தொடுவார். இரண்டும் போய்ச் சேர்ந்துவிடும். மாதக் கணக்கு எடுத்தபோது ஒரு லாட்டில் அனுப்பியதைவிட வந்தது 70 கிலோ அதிகம். டையிங்குக்குப் போன துணி எடை குறைந்து வருவதுதான் வழக்கம். முதலாளி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "டையிங்ல துணி குட்டி போட்டுருச்சுங்களா?" என்றார்.

ஒரே எடை அடுத்தடுத்து வந்தால் தள்ளிவிடலாம் என்றான் தங்கை மகன். கூடாது என்றேன். இரண்டு ரோல் ஒரே எடையில் வருவது உண்டு, நானே பார்த்திருக்கிறேன். அப்புறம் செய்தது இது. ஒவ்வொரு ரோலுக்கும் பக்கம் திறக்கும்போதே ஒரு தனி அடையாள எண் உள்ளே உட்கார்ந்துவிடும். எத்தனை முறை தொட்டாலும் அதே எண்ணோடுதான் போகும். அட்டவணையில் அந்த நெடுவரிசைக்கு 'யுனிக் இண்டெக்ஸ்'. இரண்டாவது முறை வந்ததை டேட்டாபேஸே வாசலில் நிறுத்திவிடும். சிக்னல் இல்லாதபோது எடை போனிலேயே தங்கி, சிக்னல் வந்ததும் போகும். முழு டி.சி.யையும் அடித்துவிட்டுக் கடைசியில் சேமிக்கும் பழைய முறையையும் விட்டோம், ரோலுக்கு ரோல் சேமிப்புதான். டீ குடிக்கப் போய்வந்தால் ஆண்ட்ராய்டு அந்தப் பக்கத்தைக் கழற்றிவிட்டுப் புதிதாகத் திறப்பதைப் பல முறை பார்த்துவிட்டோம்.

தேதியும் படுத்தியது. ஷிப்மென்ட் அவசரத்தில் டெம்போ நடுராத்திரியில் வரும். 1ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு வந்த லாட், போன மாதக் கணக்கில் போய் ஒளிந்துகொண்டது. சர்வர் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ராத்திரி 12 முதல் காலை 5.30 வரை வந்ததெல்லாம் முந்தைய நாளாகவே பதிந்திருக்கிறது. பகலில் சோதித்துப் பார்த்ததில் எங்களுக்குத் தெரியவே இல்லை. தேதி என்னை ஏமாற்றுவது இது முதல் முறை அல்ல. ஆக்செஸ் தன் கேள்விகளில் (க்வெரி) ஹாஷ் (#) குறிக்குள் இருக்கும் தேதியை அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் வைத்துப் படிக்கும். 05/04 என்றால் நமக்கு ஏப்ரல் 5, அதற்கு மே 4. ஆனால் 13/04 என்றால் பதின்மூன்றாவது மாதம் இல்லையே என்று சத்தமில்லாமல் நம் முறைக்கு மாறிக்கொள்ளும். ஆரம்ப காலத்தில் என் ரிப்போர்ட் 12ஆம் தேதி வரை தப்பாகவும் 13 முதல் சரியாகவும் வந்த மர்மத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. டையிங் ரேட் குடோன் பக்கத்தில் தெரியக் கூடாது என்றேன். தங்கை மகன் திரையில் மறைத்தான். பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் உள்ளே ரேட் அப்படியே இருந்தது. மறைப்பது வேறு, அனுப்பாமல் இருப்பது வேறு. இப்போது போன் பக்கத்துக்கு ரேட் சர்வரிலிருந்தே கிளம்பாது. டி.சி.யில் க்யூஆர் அச்சிட்டு கேமராவால் படிக்க ஆசைப்பட்டபோது கேமரா திறக்கவே இல்லை. பூட்டுக் குறி போட்ட பாதுகாப்பான முகவரியில் இருந்தால்தான் பிரவுசர் கேமராவைத் தரும். அதற்காகவே சான்றிதழ் வாங்கிப் போட்டோம். ஒரு வருடம் முன்னாலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது.

டிராயரில் கிடந்த டேப்லெட்டுக்கும் ஒரு நல்ல காலம் வந்தது. துணி செக்கிங் மெஷினில் நிற்கும் அக்காவுக்குத் துணி நகர்ந்துகொண்டே இருக்கும், அவர் நகர மாட்டார். மெஷின் பக்கத்தில் இரும்பு ஸ்டாண்ட் வைத்து டேப்லெட்டை ஸ்க்ரூ போட்டு முடுக்கினோம். அங்கே துணியின் குறைகளுக்குப் புள்ளி போடும் நாலு பாயின்ட் முறை. குறை 3 அங்குலம் வரை இருந்தால் 1 பாயின்ட், 6 வரை 2, 9 வரை 3, அதற்கு மேல் 4. திரையில் எழுத்துக் கட்டமே கிடையாது. உள்ளங்கை அகலத்தில் நாலு பொத்தான், கீழே 'அழி' என்று ஒன்று. அக்கா திரையைப் பார்க்காமலே தட்டுவார். அக்காவின் கண் துணியை விட்டு எடுக்க வேண்டியதில்லை என்பதால், எனக்கு இந்த மொத்த வேலையிலும் ரொம்பப் பிடித்த பக்கம் அதுதான்.

அண்ணன் கம்பெனி போனை வாங்கிக்கொள்ளவில்லை. தன் சொந்த போனிலேயே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். அட்டையில் எழுதுவதையும் ஆறு மாதம் விடவில்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தப்பு இல்லை என்று அவருக்கே தோன்றிய பிறகுதான் அட்டை நின்றது. நான் வற்புறுத்தவும் இல்லை.

போன வருடம் ஐப்பசி மழையில் ஒரு நாள் மாடிக்கு ஏறி வந்தார். அவர் மாடிக்கு வருவது அபூர்வம்.

"அம்மிணி, துணி ஈரமா வந்துச்சுன்னா எங்கீங்க எழுதறது?"

"ஈரமாவா?"

"ஆமாங்க. சரியாக் காயாம சுத்தி அனுப்பீர்றாங்க. எடை சரியா இருக்கும். ரெண்டு நாள் கழிச்சுப் போட்டா ரோலுக்கு அரை கிலோ குறையுது. முன்ன அட்டையில ஓரமா 'ஈ'ன்னு எழுதி வைப்பேன். உங்க போன்ல அதுக்கு இடமில்லீங்களே."

பழைய அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். பல எடைகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு 'ஈ'. எழுத்துப் பிழை என்று நினைத்து அவ்வளவு வருடமும் டைப் அடிக்காமல் விட்டிருக்கிறேன். என் 41 கட்டத்தில் ஈரத்துக்கு ஒன்று இல்லை.

அந்த வாரமே போன் பக்கத்தில் நாலாவதாக ஒரு பொத்தான் சேர்ந்தது. அதன் மேல் 'ஈ' என்று மட்டும் எழுதச் சொன்னேன்.